பின்னால் நின்று கை காட்டியவள்

கருப்புத் தொட்டி முதலில், சாம்பல் தொட்டி பிறகு. கழிவறைத் தண்ணீர் போன குழாயைப் பாத்திரம் கழுவிய தண்ணீர் அலசிக்கொண்டு போகவேண்டும். முறை மாறினால் அடுத்த ஊர்வரை குடியிருக்கும் வண்டியே நாறும். டெனாவுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மினியாபொலிஸ் பக்கம் ஒரு பெரிய கழிவுநீர் நிலையத்தை நடத்துகிற பொறியாளர் அவள். ஆனாலும் அவள் அம்மா மார்லிஸ் சொன்னாள்.

"கருப்பு முதல்ல."

"தெரியும்மா."

"தெரிஞ்சவங்கதான் மாத்தி இழுப்பாங்க. தெரியாதவன் கேட்டுட்டு இழுப்பான்."

பிப்ரவரி மாதம். அரிசோனாப் பாலைவனத்தில் தொட்டி காலி செய்யும் இடத்தில் வண்டிகள் வரிசையில் நின்றன. டெனா பிடியை இழுத்தாள். மார்லிஸ் கையுறை போட்டுக்கொண்டு குழாயின் மறுமுனையைக் காலால் மிதித்து நின்றாள். பின்னால் நின்ற புது வண்டிக்காரர் இறங்கி வந்து, எந்த ஊர் என்று கேட்டார். மார்லிஸ் திரும்பவில்லை. காது கேட்காதவள் என்று நினைத்து, இன்னும் உரக்க, இந்த வண்டி விலைக்கு வருமா என்று கேட்டார். அதற்கும் அவள் திரும்பவில்லை. மூடிகளைத் திருகினாள். குழாயைச் சுருட்டி உள்ளே வைத்தாள். கை கழுவினாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். படி, பூட்டு, கொக்கி, விளக்கு என்று ஒவ்வொன்றையும் தொட்டாள். கூரையின்மேல் அண்ணாந்து பார்த்தாள். எல்லாம் முடிந்தபின் நேராக அவரிடம் போய் நின்றாள்.

"வட டகோட்டா. வண்டி விக்கிறதா இல்ல," என்றாள்.

அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. மறுநாள் டெனா விமானம் ஏறினாள். மார்ச் மாதத்தில் ஒரு காலை, காப்பி நேரம் தாண்டியும் மார்லிஸின் வண்டியில் ஜன்னல் திரை ஏறவில்லை. பக்கத்து வண்டிப் பெண் போய்த் தட்டிப் பார்த்தாள். மார்லிஸ் தன் படுக்கையில், தன் வண்டியில், தூக்கத்திலேயே போயிருந்தாள். அவளுக்கு எழுபத்தாறு வயது.

தன் வண்டியில் என்பதுதான் முக்கியம். அதை அவள் பல வருடங்களுக்கு முன் ஒரு செப்டம்பர் மாலையில் சம்பாதித்தாள். டெனா அப்போது கூடவே இருந்தாள். அப்பாவுக்குப் பிறகு அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்பதே அன்று டெனாவின் கட்சி.

மார்லிஸ் வட டகோட்டாவில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை பார்த்தவள். கணவர் ஹார்லன் தானியக் கிடங்கில் இயந்திரம் பழுது பார்த்தவர். பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்து மூடினார்கள். கிடங்கும் கை மாறியது. இருவருக்கும் ஒரே வருடத்தில் வேலை போனபோது, வீட்டை விற்று, பழைய பிக்கப் டிரக் ஒன்றும், அதன் முதுகில் கழுத்தை வைத்துக்கொள்ளும் நீண்ட டிரெய்லர் ஒன்றும் வாங்கினார்கள். டிரெய்லரில் அடுப்பு, படுக்கை, குளியலறை, சோபா எல்லாம் இருந்தன. மேஜைக்கு மேலே பள்ளிக்கூடச் சமையலறையின் பழைய கடிகாரத்தை மாட்டினாள் மார்லிஸ். ஊரில் பார்த்தவர்கள் பாவம் என்றார்கள். ஹார்லன், "பாவம்தான், புல்லு வெட்ட ஆளில்லாம நம்ம தோட்டம் என்ன ஆகுமோ," என்றார்.

கோடையில் ஐடஹோவின் காட்டு முகாமில் காவல் வேலை. விறகு கட்டி விற்பது, கழிவறை கழுவுவது, கரடி வந்தால் குப்பைத் தொட்டியை மூடச் சொல்லி எல்லோரையும் திட்டுவது. இலையுதிர் காலத்தில் மினசோட்டா எல்லையில் சர்க்கரை பீட்ரூட் அறுவடை. குளிருக்குப் பாலைவனம். இப்படி வேலை இருக்கும் இடத்துக்கு வீட்டோடு போய் நிற்பவர்கள் அந்தச் சாலைகளில் ஏராளம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யாரும் யாருக்கும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. சாலையில் பார்ப்போம் என்பார்கள்.

டிரெய்லரோடு எப்போதும் ஓட்டியது ஹார்லன். மார்லிஸ் டிரக்கை மட்டும் கழற்றிக்கொண்டு கடைக்குப் போவாள், அவ்வளவுதான். முகாமில் வண்டியைப் பின்னோக்கி நுழைக்கும்போது அவள் பின்னால் நின்று கை காட்டுவாள். அந்த மக்களிடையே கல்யாணங்கள் முறிவது அந்த ஒரு காரியத்தில்தான் என்று ஒரு பேச்சு உண்டு. வண்டிகள் வந்து நுழையும் மாலை நேரத்தில், ஏற்கெனவே வந்து அமர்ந்தவர்கள் மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். கணவன் கத்துவான், மனைவி கத்துவாள், டிரெய்லர் மரத்தில் இடிக்கும். காசு கொடுக்காத சர்க்கஸ் அது. ஹார்லனும் மார்லிஸும் வந்தால் மட்டும் நாற்காலிகளை மடக்கிவிடுவார்கள். பார்க்க ஒன்றும் இருக்காது. அவள் இரண்டு கைகளையும் உயர்த்துவாள், ஒன்றைச் சாய்ப்பாள், விரல்களை மூடுவாள். ஒரு வார்த்தை இருக்காது. வெண்ணெயில் கத்தி போவதுபோல வண்டி உள்ளே போகும்.

பீட்ரூட் அறுவடையிலும் அவளுக்கு அதே வேலைதான். லாரிகளைக் குவிப்பு இயந்திரத்தின்மேல் சரியாக ஏறச்செய்து, நிறுத்தி, கொட்டச்செய்து அனுப்பவேண்டும். மேஸ்திரி வெர்ன், "லாரிக்காரனுங்க கண்ணாடியப் பாக்க மாட்டானுங்க, மார்லிஸ் கையத்தான் பாப்பானுங்க," என்று வருடாவருடம் முதல் ஆளாக அவளைத்தான் கூப்பிடுவார்.

ஹார்லன் ஐடஹோவில், ஆகஸ்டு மாதத்தில், விறகுக் கட்டைத் தோளில் வைத்தபடியே விழுந்தார். மாரடைப்பு.

டெனா போனாள். காரியங்கள் முடிந்தன. தன் வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மாவுக்கு ஓர் அறையைச் சுண்ணாம்பு அடித்து, பெரிய ஜன்னல் வைத்துத் தயார்செய்திருந்தாள். வண்டிக்கு ஆளும் இருந்தது. வெர்னே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அறுவடை முகாமிலேயே கைமாற்றிக்கொள்ளலாம் என்றார். எல்லாம் கோடு போட்டதுபோல் இருந்தது. மார்லிஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அறுவடைக்கு வரேன்னு சொல்லியாச்சு," என்றாள்.

"வண்டிய யாரும்மா ஓட்டுவா?"

"நான்தான்."

"நீ ஒருநாள்கூட டிரெய்லரோட ஓட்டினதில்லையே. பின்னால நின்னு கை காட்டினவதானே."

மார்லிஸ் அடுப்பில் இருந்த காப்பியை இரண்டு கோப்பைகளில் ஊற்றினாள். ஒன்றை மகளிடம் நகர்த்தினாள். பிறகு நிபந்தனை வைத்தாள். டெனா விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வரலாம். ஓட்டக்கூடாது, கை காட்டக்கூடாது. அறுவடை முகாமில் தன் இடத்தில் மார்லிஸ் தனியாக வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்திவிட்டால், அப்புறம் யாரும் அவள் இருக்கும்வரை வீடு என்ற பேச்சை எடுக்கக்கூடாது. எதையாவது இடித்தாலோ, யாரையாவது கூப்பிட்டாலோ, அங்கேயே சாவியை வெர்னிடம் கொடுத்துவிட்டு டெனாவின் கீழ்த்தளத்துக்கு வந்துவிடுவாள்.

டெனா ஒத்துக்கொண்டாள். நீளம், எடை, கொக்கியின் இடம், திருப்பக் கோணம் எல்லாம் அவளுக்குத் தெரியும். அம்மா ஜெயிப்பாள் என்று அவளுடைய கணக்கில் வரவில்லை.

மொன்டானா மலைகளில் மார்லிஸ் சின்ன கியரில், லாரிகளுக்குப் பின்னால், அவசரமில்லாமல் இறங்கினாள். பின்னால் ஹார்ன் அடித்தவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. "அவங்க வீட்ட எங்கயோ விட்டுட்டு வந்திருக்காங்க, அவசரமாப் போகணும். நம்ம வீடு பின்னாலயே வருது," என்றாள்.

மொன்டானாவைத் தாண்டும் முன்னால் ஒரு தப்பு நடந்தது. சாலையோர ஓய்விடத்தில், காலையில் புறப்படுமுன் வண்டியைச் சுற்றிச் சோதித்துக்கொண்டிருந்தாள். அது ஹார்லனின் வேலையாக இருந்தது, இப்போது அவளுடையது. ஒரு பெரியவர் நாய்க்குட்டியோடு வந்து நின்று, தானும் மனைவியும் இப்படிக் கிளம்பலாமா என்று யோசிப்பதாகப் பேச்சுக் கொடுத்தார். மார்லிஸ் மரியாதைக்காகப் பதில் சொன்னாள். நாயைத் தடவிக்கொடுத்தாள். பிறகு விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து சோதனையைத் தொடர்ந்தாள். உண்மையில் கூரைப் பக்கத்தை இன்னும் பார்க்கவில்லை. தொலைக்காட்சி ஆன்டெனா உயர்ந்தபடியே நின்றது. அடுத்த ஊருக்குள் நுழைந்ததும் ஒரு மரக்கிளை அதை முறித்துக் கூரையில் சாய்த்தது.

இருவரும் இறங்கிப் பார்த்தார்கள். அந்த வாழ்க்கைக்கு வந்த புதிதில் எல்லோரும் செய்கிற தப்பு அது. யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அங்கே பாலபாடம்.

மார்லிஸ் இடுப்பில் கைவைத்து நின்றாள். "இடிச்சாச்சு. கணக்குல சேத்துக்கோ," என்றாள்.

அறை தயாராக இருந்தது. வாங்க ஆள் இருந்தார். ஒரு வார்த்தை போதும். டெனா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏணியை எடுத்துவந்து மேலே ஏறினாள், முறிந்த கம்பியைக் கழற்றினாள், துளையை அடைத்தாள்.

"நிபந்தனை முகாம்ல ரிவர்ஸ் எடுக்கிறதுக்கு," என்று மேலேயிருந்தே சொன்னாள். "மரக்கிளை அதுல இல்ல."

"பொறியாளர் சொன்னா சரி," என்றாள் மார்லிஸ். அதற்குப் பிறகு, வண்டியைச் சுற்றும்போது அவளிடம் பேசிப் பதில் வாங்கியவர் யாருமில்லை.

முகாமை அடைந்தபோது மாலை வெயில் தாழ்வாக விழுந்துகொண்டிருந்தது. வெட்டிய வயல்கள், ஈர மண்ணின் வாசம், தூரத்தில் ஆலைப் புகை. மார்லிஸுக்கு ஒதுக்கிய இடம் ஒரு பக்கம் மின்கம்பம், மறுபக்கம் ஒரு புத்தம்புது வண்டி, பின்னால் சேற்று வாய்க்கால். ஹார்லன் இருந்தபோது அதே இடத்தைத்தான் கேட்டு வாங்குவார். மண் காய்ந்திருக்கும் என்பார்.

நிபந்தனையின் சேதி முன்னமே வந்திருந்தது. நாற்காலிகளும் வந்திருந்தன. வருடாவருடம் மடக்கியவர்கள் இந்த முறை விரித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி கம்பளி போர்த்திக்கொண்டாள். சோளப்பொரி கை மாறியது. நடுவில் வெர்ன். அவருடைய நாற்காலி முகாமில் பேர்போனது. அலுமினியச் சட்டம், பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை பின்னியது. வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

மார்லிஸ் ஜன்னலை இறக்கினாள்.

"மார்லிஸ், அந்த வண்டிக்குக் கொட்டகையே போட்டுட்டேன்," என்றார் வெர்ன்.

"நல்லதாப் போச்சு வெர்ன். மழை வந்தா நீ நின்னுக்கலாம்."

சிரிப்பு எழுந்தது. டெனா இறங்கி, சொன்னபடி, நாற்காலிகளின் ஓரத்தில் போய் நின்றாள். கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள், தப்பித்தவறி உயர்ந்துவிடக்கூடாது என்று.

முதல் முயற்சியில் டிரெய்லர் ஒரு பக்கமும் டிரக் ஒரு பக்கமுமாக மடிந்து நின்றது. முன்னால் எடுத்தாள். மறுபடி பின்னால். கம்பத்தை நோக்கிப் போனது. நிறுத்தினாள். மறுபடி முன்னால். யாரோ சோளப்பொரி மெல்வதை நிறுத்தினார்கள். வெர்னுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வாய்க்கால் பக்கம் போய், இடது, இடது என்று கையை ஆட்டத் தொடங்கினார். நல்ல மனசில்தான் செய்தார். ஆனால் அவர் கையைப் பார்த்து வண்டி நகர்ந்தால் அது கூப்பிட்டதற்குச் சமம். எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

மார்லிஸ் இன்ஜினை அணைத்தாள். இறங்கினாள். நடந்துவந்து அவர் முன் நின்றாள்.

"உக்காரு வெர்ன். சர்க்கஸ் பாக்க வந்தவன் கம்பிமேல ஏறக்கூடாது."

அவர் போய் உட்கார்ந்தார். மார்லிஸ் வண்டிக்குத் திரும்பவில்லை. வெர்ன் நின்ற இடத்துக்கு, வாய்க்கால் ஓரத்துக்குப் போனாள். எத்தனையோ வருடங்களாக அவள் நின்று பழகிய இடம் அது. அங்கே நின்று வண்டியைப் பார்த்தாள். முன்னால் ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. மெதுவாக இரண்டு கைகளையும் உயர்த்தினாள். வலது கையைச் சாய்த்தாள். விரல்களை மூடினாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டெனாவுக்கு முகம் சுட்டது. அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒரு கணம் நினைத்தாள்.

மார்லிஸ் நடந்து போய் டிரக்கில் ஏறினாள். ஸ்டீயரிங்கின் அடியில் கையை வைத்தாள். தன் கை என்ன சொன்னதோ அதை மட்டும் செய்தாள், அதற்கு மேல் ஓர் அடிகூட இல்லை. நிறுத்தினாள். இறங்கினாள். மறுபடி வாய்க்கால் ஓரம். மறுபடி கைகள். இப்போது இடது. மறுபடி நடை, மறுபடி இருக்கை.

சிரித்தவர் நிறுத்திவிட்டார். டெனாவுக்குப் புரியத் தொடங்கியது. உள்ளேயிருந்து பார்த்து அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. கண்ணாடியில் தெரிவதெல்லாம் அவளுக்கு அந்நியம். ஆனால் பின்னாலிருந்து அந்த வண்டியை அவளைப்போலப் பார்த்தவர் உலகத்தில் யாருமில்லை. அதனால் அவள் பின்னால் நின்று தனக்கே கை காட்டினாள். பிறகு முன்னால் போய் ஹார்லனைப்போல அந்தக் கைக்குக் கீழ்ப்படிந்தாள். எத்தனை தடவை நடந்தாள் என்று யாரும் எண்ணவில்லை. முட்டிவரை சேறு. கம்பத்துக்கும் புது வண்டிக்கும் நடுவில் டிரெய்லர் நேராகி, நேராகவே வந்து, போன வருடம் ஹார்லன் அங்கே போட்டுவிட்டுப் போயிருந்த பழைய பலகைகளின்மேல் நான்கு சக்கரங்களும் ஏறி நின்றன.

கடைசியாக ஒருமுறை அவள் வாய்க்கால் ஓரம் போனாள். இரண்டு முஷ்டிகளையும் மூடி உயர்த்தினாள். போதும், நிறுத்து. வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. ஆனால் அந்தச் சைகை இல்லாமல் அவர்களுடைய வேலை முடிந்ததாக அர்த்தமில்லை.

கைதட்டல் இல்லை. வெர்ன் எழுந்தார். தன் நாற்காலியை மடக்கினார். நடந்துபோய் மார்லிஸின் படியருகே விரித்து, உட்காரும் இடத்தைக் கையால் தட்டினார்.

"உக்காரு," என்றார். "இனிமே இந்த முகாம்ல வேடிக்கை பாக்குற உரிமை உன்னோடது. கொட்டகையில என் மச்சான் படகை நிறுத்திக்கட்டும்."

சேற்றுக் காலோடு மார்லிஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் ஆரவாரம் கிளம்பியது. வண்டிகள் ஒவ்வொன்றாக ஹார்ன் அடித்தன. சாலையில் போன பீட்ரூட் லாரிக்காரன்கூட, என்ன ஏது என்று தெரியாமலே, அவன் பங்குக்கு அடித்துவிட்டுப் போனான். மேலே உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட கறியை யாரோ கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்கள். அவள் இரண்டு கரண்டி தின்றுவிட்டு மகளைப் பார்த்தாள்.

"கீழ்த்தளத்துல சைக்கிள் வெச்சுக்கலாம்," என்றாள். "ஜன்னல் பெருசுன்னு சொன்னே, சைக்கிளுக்கும் காத்து வேணும்தானே."

டெனா வீட்டுக்குப் போனதும் சைக்கிள்களை வைத்தாள். வீடு என்ற பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு மார்லிஸ் போகாத மாநிலம் குறைவு. ஆரிகன் கடற்கரையில் கலங்கரை விளக்கத்துக்கு வந்தவர்களைச் சுற்றிக் காட்டினாள். டெக்சஸில் எண்ணெய் வயலின் வாசலில் லாரி எண் குறித்தாள். ஜார்ஜியாவில் கிறிஸ்துமஸ் மரம் விற்றாள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பீட்ரூட் முகாமுக்கு வந்தாள், அதே இடத்தில் நின்றாள். நடை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரே தடவை இறங்கிப் பார்த்தால் போதும் என்றானது. அந்த ஒரு தடவையை மட்டும் விடவில்லை. முகாமில் வண்டிகள் நுழையும் மாலைகளில் வெர்னின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். யார் திணறினாலும் சிரிக்கமாட்டாள். அவள் சிரிக்காததால் மற்றவர்களும் சிரிக்கமுடியாமல் போயிற்று என்று வெர்ன் குறைப்பட்டுக்கொண்டார். சர்க்கஸையே கெடுத்துவிட்டாளாம்.

வருடாவருடம் கிளம்பும் நாளில் வெர்ன் நாற்காலியைத் திரும்பக் கேட்பார். அவள் கொடுப்பாள். வந்ததும் அவர் கொண்டுவந்து போடுவார். அவளுடைய கடைசி அக்டோபரில் வெர்ன் தானே அதில் உட்கார்ந்தபோது பட்டை அறுந்து சட்டத்துக்குள் மடிந்து விழுந்தார். முகாமே சிரித்தது. மார்லிஸும் சிரித்தாள். குளிர்காலத்தில் பாலைவனத்தில் வைத்துப் புதுப்பட்டை பின்னி, அடுத்த அறுவடைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

மார்ச்சில் அந்தச் சேதி கேட்டு டெனா இரண்டாம் முறையாக விமானத்தில் வந்து இறங்கியபோது பாலைவனத்தில் அம்மாவின் வண்டியைச் சுற்றி நாற்காலிகள் போட்டிருந்தன. சாப்பாடு கொண்டுவந்தார்கள். பேசினார்கள். யாரும் போய்வருகிறேன் என்ற சொல்லைச் சொல்லவில்லை. வண்டியை யாராவது வடக்கே கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்றாள் டெனா.

புறப்படும் காலையில் வண்டியைச் சுற்றினாள். படி, பூட்டு, கொக்கி, விளக்கு, கூரை. பக்கத்து வண்டிப் பெண் வந்து அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாள். டெனா கையை உயர்த்தினாள். அந்தப் பெண் புரிந்துகொண்டு, தள்ளிப்போய்க் காத்திருந்தாள்.

டிரெய்லரின் வயிற்றில் இருக்கும் சாமான் அறையைப் பூட்டும்முன் திறந்து பார்த்தாள். பலகைகள், குழாய், கையுறை. அவற்றின்மேல், பழைய போர்வையில் சுற்றி, வெர்னின் நாற்காலி.

கைபேசி அடித்தது. வெர்ன்தான். சேதி கேட்டதிலிருந்து அவர் கூப்பிடவில்லை.

"என் நாற்காலி எந்த நிலைமைல இருக்கு?" என்றார்.

டெனா போர்வையை விலக்கினாள். நெடுக்குப் பட்டைகள் எல்லாம் இழுத்து முறுக்கப்பட்டிருந்தன. குறுக்கே முதுகுப் பக்கம் முடிந்திருந்தது, பச்சையும் வெள்ளையும் மாறிமாறி, ஒரு சுருக்கம் இல்லாமல். உட்காரும் பக்கம் தொடங்கவே இல்லை. மீதிப் பட்டைச் சுருள் அங்கேயே இருந்தது. திருகாணிகள் ஒரு மாத்திரைக் குப்பிக்குள் இருந்தன.

"சாஞ்சுக்கலாம், வெர்ன்," என்றாள். "உக்கார முடியாது."